ஆழிக்குமரனும் அப்பாயி கடந்த கடலும்

1984 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளைக்கும் காவத்தைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்தோம். அப்போது எனக்குப் பதினான்கு வயது. லயத்தின் முன்வாசலில் அப்பா பழைய பத்திரிகை ஒன்றை விரித்து வைத்து வாசிப்பார். நாங்கள் சுற்றியிருந்து கேட்போம். கொழும்பில் அச்சாகும் பத்திரிகை எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர இரண்டு நாள் செல்லும். சில வேளை கடைச்சாமான் சுற்றிய காகிதமாகவும் வரும். அன்று வந்த பத்திரிகையில்தான் அந்தச் செய்தி இருந்தது. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்ற ஆழிக்குமரன் ஆனந்தன், ஆகஸ்ட் 6 ஆம் திகதி அந்த முயற்சியிலேயே உயிரிழந்துவிட்டார்.

அப்பா செய்தியை வாசித்து முடித்ததும், அவர் முன்பு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர் என்று எங்களுக்கு விளக்கினார். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, நாங்க கப்பல்ல வந்தோமே, அந்தக் கடலையா அந்த மனுசன் நீந்துனாரு?"

"ஆமாம்மா, அதே கடல்தான்."

"என்னாத்துக்கு?"

அப்பாவிடம் பதில் இருக்கவில்லை. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த பின்னரும் அந்த ஒற்றைச் சொல் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு நான் தேடிய விடையின் ஒரு பகுதி.

முதலில் அந்தக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாக்கு நீரிணை ஆழமான கடல் அன்று. ஆழம் குறைந்தது என்பதாலேயே அதை எளிதென்று எண்ணிவிடக்கூடாது. வங்காள விரிகுடாவின் நீரும் மன்னார் வளைகுடாவின் நீரும் பருவக்காற்றின் திசைக்கேற்ப அதனூடாகத் தள்ளப்படுகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று அடங்கி, தென்மேல் பருவக்காற்று எழுவதற்கு முன்னர் வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களே நீந்துவோருக்கு ஓரளவு இசைவான காலம். இந்தக் கடலில் நிகழ்ந்த பெரும் நீச்சல்களின் திகதிகளைப் பார்த்தால், அவற்றுள் பல இந்த இரண்டு மாதங்களுக்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வடமராட்சிக் கரையிலிருந்து கோடிக்கரைக்கோ ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகம். நேர்கோட்டில் எவரும் நீந்துவதில்லை. நீரோட்டம் ஒருபுறம் இழுக்க, நீந்துபவர் மறுபுறம் வளைந்து செல்கிறார். வரைபடத்தில் உள்ள தூரத்தைக் காட்டிலும் கைகள் நீந்தும் தூரம் எப்போதும் கூடுதலே.

நெடுந்தூரக் கடல் நீச்சலுக்கு எழுதப்பட்டும் எழுதப்படாமலும் சில விதிகள் உண்டு. துணைக்கு வரும் படகைத் தொடக்கூடாது. மிதக்க உதவும் எதனையும் அணியக்கூடாது. உணவையும் பானத்தையும் படகிலிருந்து நீட்டுவார்கள். மிதந்தபடியே உட்கொள்ள வேண்டும். உப்பு நீரில் ஊறி நாக்கும் உதடும் தடித்துவிடும். அக்குளும் கழுத்தும் உராய்ந்து புண்ணாகாதிருக்கக் கொழுப்புக் களிம்பைத் தடவிக்கொள்வார்கள். சொறிமீன் பட்டால் தோல் தீப்பட்டது போல் எரியும். இவை எல்லாவற்றிலும் கொடியது இரவு. கரையும் திசையும் தெரியாத இருளில் கண் செருகும்போது, தொடர்ந்து கையை வீசச் சொல்வது உடல் அன்று, மனம்.

இந்தக் கடலை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்று வரலாறு குறித்து வைத்திருப்பவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. 1954 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டுக் கோடிக்கரையை அடைந்தார். எடுத்த நேரம் ஏறத்தாழ 27 மணி. இன்றைய நீச்சல் வீரர்களிடம் உள்ள செய்மதிக் கருவிகளோ, பயிற்றுநர் குழுவோ, நீரோட்டத்தைக் கணித்துக் கூறும் கணினியோ அன்று இல்லை. படகோட்டிகளின் அனுபவ அறிவும் அவருடைய தோளும் மட்டுமே இருந்தன.

அந்தக் கரையில் இத்தகைய மனிதர்கள் தோன்றியது தற்செயல் அன்று. வல்வெட்டித்துறை கப்பல் கட்டிய ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், ஓர் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, அவ்வூர் மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. கடலை வழியாகவும் முற்றமாகவும் கண்டு வளர்ந்த சமூகம் அது. அங்கு பிறந்த பிள்ளைக்கு நீச்சலை எவரும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

நவரத்தினசாமிக்குப் பின் அந்தக் கரை தந்தவர்தான் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். 1943 ஆம் ஆண்டு பிறந்தவர். தொழிலால் வழக்கறிஞர். 1971 இல் அவர் செய்தது நவரத்தினசாமி செய்ததன் அடுத்த படி. இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் இலங்கைக் கரைக்கு நீந்தி வந்தார். 51 மணி நேரத்தில் இருவழிப் பயணம். அதற்கு முன்னர் எவரும் அதைச் செய்திருக்கவில்லை. தமிழ் மக்கள் அவருக்கு ஆழிக்குமரன் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

ஆனந்தனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நீச்சலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கின்னஸ் நூலில் அவருடைய பெயரில் பதிவான பிற சாதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் தேடியது என்னவென்று விளங்கும். 1979 ஆம் ஆண்டு கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 128 மணி நேரம் நடனமாடினார். 80 மணி நேரம் நீரில் நிலைத்து மிதந்தார். இவற்றுள் ஒன்றுகூட வேகத்துக்கான போட்டி அன்று. அனைத்தும் 'எவ்வளவு நேரம் தாங்குவாய்?' என்று தன் உடலைத் தானே கேட்டவை.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஓர் ஒப்பீட்டைச் சொல்ல விரும்புகின்றேன். 1978 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் பதினைந்து பேர் ஒரு விசித்திரமான போட்டியில் இறங்கினார்கள். அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜோன் கொலின்ஸ் என்பவரின் யோசனை அது. நீந்துபவர், சைக்கிள் ஓட்டுபவர், ஓடுபவர் ஆகிய மூவரில் வலியவர் யார் என்ற வாதத்தைத் தீர்க்க, மூன்றையும் ஒரே நாளில் ஒருவரே செய்து முடிக்க வேண்டும் என்றார். கடலில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம். பன்னிரண்டு பேர் முடித்தார்கள். முதலில் வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் பிடித்தது. முதலில் வருபவர் 'அயன்மேன்', அதாவது இரும்பு மனிதன், என்று கொலின்ஸ் சொன்ன பெயர் பின்னர் உலகெங்கும் பரவியது. அதற்கு அடுத்த ஆண்டே விகாரமகாதேவிப் பூங்காவில் சைக்கிளில் எட்டு நாள் சுற்றிக்கொண்டிருந்த ஆனந்தன், அந்த மூன்றில் இரண்டை அவர்களினும் பல மடங்கு நீளமாகச் செய்து காட்டியிருந்தார். இரும்பு மனிதன் என்ற பட்டத்தை வழங்கும் நிறுவனம்தான் எங்களிடம் இருக்கவில்லை.

1984 இல் அவர் ஆங்கிலக் கால்வாய்க்குச் சென்றார். அங்கே 1875 இல் மத்தியூ வெப் 21 மணி 45 நிமிடத்தில் முதலில் நீந்திக் கடந்தார். பாக்கு நீரிணையோடு ஒப்பிட்டால் தூரம் பெரிதில்லை. ஆனால் கால்வாயின் நீர் கோடையிலும் பெரும்பாலும் 18 பாகை செல்சியசைத் தாண்டுவதில்லை. நமது கடலோ 28, 29 பாகை. வெந்நீர்க் கடலில் பழகிய உடலுக்கு அந்தக் குளிர் வேறோர் எதிரி. நாற்பத்தொரு வயதில் அங்கேயே அவருடைய வாழ்வு முடிந்தது. 1983 ஜூலைக்கு அடுத்த ஆண்டு அது. தமிழர்கள் மரணச் செய்திகளை நாள்தோறும் வாசித்துப் பழகிவிட்டிருந்த காலம். அந்தக் காலத்திலும் அவருடைய மரணம் தனியாகத் தெரிந்தது. அது ஒருவர் தானே தேடிச் சென்ற சோதனையில் நேர்ந்தது.

இனி, நான் இதுவரை எங்கும் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்தச் செய்தியை வாசித்த பின்னர் எங்கள் லயத்துப் பையன்களுக்கு ஆனந்தன் விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் கல் தோண்டும் குழிகள் ஏராளம். கல் கிடைக்காமற்போனால் அல்லது வயல் வற்றிப்போனால் அவற்றை மூடாமலே விட்டுச் சென்றுவிடுவார்கள். மழை பெய்ததும் அவை நிறைந்துவிடும். மேலே பார்த்தால் பச்சை நிறத்தில் அமைதியான நீர். உள்ளே எத்தனை அடி என்பது எவருக்கும் தெரியாது. தோட்டத்து எல்லையில் இருந்த அப்படியான ஒரு குழிதான் எங்கள் பாக்கு நீரிணை. இக்கரை தலைமன்னார், அக்கரை தனுஷ்கோடி. பதினைந்து முழம் இருக்கும். எங்களில் எவருக்கும் முறையாக நீந்தத் தெரியாது. வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டு கால் அடிப்போம்.

என் வகுப்புத் தோழன் ஒருவன், ஆனந்தன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, வாழைத்தண்டை விட்டுவிட்டான். நடுவில் இரண்டு முறை தலை தெரிந்தது. நாங்கள் நால்வர் கரையில் நின்றோம். ஒருவருக்கும் இறங்கத் தெரியவில்லை. பால் வெட்டப் போயிருந்தவர்களை அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அவனுக்குத் தண்ணியில கண்டம்னு சாதகத்துல எழுதியிருந்திச்சு" என்று பெரியவர்கள் பேசி ஆறுதல் தேடினார்கள். ஆனால் அவனுக்கு இருந்தது கண்டம் அன்று. கற்பிக்க ஆளில்லாத குறை. இதை உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஒரே நீரைக் கடந்து வந்த இரு தமிழ்ச் சமூகங்களில், ஒன்று அதனை நீந்திக் கடக்கும் வீரர்களைத் தந்தது. மற்றொன்று ஒரு கற்குழியில் தன் பிள்ளையைப் பறிகொடுத்துக் கரையில் நின்றது. ஏன் இந்த வேறுபாடு?

எங்கள் முன்னோர் இந்தக் கடலைக் கடந்த வரலாறு பலருக்குத் தெரிந்ததே. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து தோணிகளில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகக் காத்திருந்தன. 1841 தொடக்கம் 1849 வரையான ஆண்டுகளில் எழுபதாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. அந்த எண்ணை வரலாற்றாசிரியர்கள் பின்னர் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் வியப்பில்லை. எண்ணுவதற்கு எவரும் அங்கே நிறுத்தப்படவில்லை என்பதே உண்மை. 1864 இல் 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் 120 தொழிலாளரோடு மூழ்கியதையும் மலையக வரலாறு எழுதியோர் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் சற்றுப் பிந்தியவர்கள். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இறப்பரின் விலை ஏறியது. களனிப் பள்ளத்தாக்கிலும் களுகங்கையின் மேல்நிலங்களிலும் காடுகள் வெட்டப்பட்டு இறப்பர் நடப்பட்டது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை என்று தோட்டங்கள் பெருகின. முன்பு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தார்கள். 1914 இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற்சேவை ரயிலோடு இணைந்து தொடங்கியபின், மண்டபம் முகாமில் தங்கி, அந்த வழியாக வந்தார்கள். களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய தண்டவாள ரயில் 1912 இல் இரத்தினபுரி வரை வந்திருந்தது. அப்பாயி சிறுமியாக வந்தது அந்த ரயிலில்தான். கடலைப் பற்றி அவருக்கு நினைவிருந்தவை மூன்று: மண்டபத்தில் உடம்பெல்லாம் ஊற்றிய மருந்துத் தண்ணீரின் நாற்றம், கப்பலில் எடுத்த வாந்தி, தாயின் முந்தானை. அதன்பின் தம் வாழ்நாளில் அவர் கடலைக் காணவே இல்லை. இரத்தினபுரியிலிருந்து கடற்கரை நூறு கிலோமீற்றர் அளவே. தோட்டத்து வாயிலைத் தாண்டப் பற்றுச்சீட்டும் பணமும் வேண்டியிருந்த வாழ்வில் நூறு கிலோமீற்றர் என்பது நூறு காதம்.

கரையோரச் சமூகத்துக்குக் கடல் பிழைப்பு. எங்களுக்கோ அது பிரிவு. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்பாயியின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறிப் போனது. அந்தக் கடலில் எங்களவர்கள் நிகழ்த்திய இரண்டாவது பயணம் அது. மூன்றாவது பயணம் படகுகளில் நிகழ்ந்தது. 1977 இல் வன்முறை. 1981 ஆகஸ்டில் எங்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் மீண்டும் வன்முறை. அன்றிரவு இறப்பர் மலையில் பதுங்கிக் கிடந்தபோது எனக்குப் பதினொரு வயது. என் வாயைப் பொத்தியிருந்த அம்மாவின் கை நடுங்கியதை இன்றும் உணர்கின்றேன். பின்னர் 1983. இவற்றால் வன்னிக்குப் பெயர்ந்த தோட்டக் குடும்பங்கள் பல. அவர்களுள் சிலர் அங்கிருந்தும் துரத்தப்பட்டு, மன்னார்க் கரையில் நள்ளிரவில் படகேறி இராமேசுவரம் சென்றார்கள். பலர் கரை சேரவில்லை. பாட்டன் வந்த வழியே பேரன் அகதியாகத் திரும்பினான்.

இத்தகைய நினைவுகளைச் சுமந்த மக்கள் தம் பிள்ளையை நீரில் இறக்கத் தயங்கினார்கள் என்றால், அதனை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியுமா?

போரின் காலத்தில் கடலும் மூடப்பட்டது. தலைமன்னார்க் கப்பற்சேவை 1980களின் நடுவில் நின்றுபோயிற்று. நீந்தி வந்தவர்களின் பட்டியலும் அக்காலத்தில் மெலிந்தது. முன்பு 1966 ஏப்ரலில் வங்காளத்தின் மிஹிர் சென், இந்தியக் கடற்படைக் கப்பல்களின் துணையோடு தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தியிருந்தார். 1994 இல் தமிழகத்துச் சிறுவன் குற்றாலீசுவரன் இதே நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் அதே ஆண்டில் கடந்து உலகை வியக்க வைத்தான். போர்நிறுத்த காலமான 2004 இல் புலா சௌத்ரி நீந்தினார். போர் முடிந்து, 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் மீண்டும் தலைமன்னாருக்கும் 28 மணி 19 நிமிடத்தில் நீந்தி, ஐம்பது ஆண்டுகளாக நின்ற ஆனந்தனின் நேரத்தைக் குறைத்தார். ஒரு தமிழன் வைத்த இலக்கை ஒரு சிங்கள வீரர் அரை நூற்றாண்டு கழித்துத் தேடிச் சென்றார் என்பதை நான் மகிழ்ச்சியோடுதான் குறிப்பிடுகின்றேன். அன்று செய்தி அறிக்கைகளில் ஆனந்தனின் பெயர் மீண்டும் ஒலித்தது. சாதனைகளின் பயன்களில் இதுவும் ஒன்று: முறியடிக்கப்படும்போதும் முந்தியவரை நினைவூட்டுகின்றன.

ஹவாயில் தொடங்கிய இரும்பு மனிதர் போட்டியும் ஒருநாள் எங்கள் நாட்டுக்கு வந்தது. 2018 பெப்ரவரியில் கொழும்பில் அதன் அரைத்தூரப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. கடலில் 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம், மொத்தம் 70.3 மைல். பல நாடுகளிலிருந்தும் வீரர்கள் வந்திருந்தார்கள். நானும் காலிமுகத்திடலுக்குச் சென்றிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடி வருவோர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தள்ளாடி, மீண்டும் ஓடினார்கள். அவர்களுடைய உழைப்பை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து, நீந்தி, ஓடி, உணவை அளந்து உண்டு பழகாமல் எவராலும் அதைச் செய்ய முடியாது.

தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் என் பேச்சைக் கேட்டு, "சேர் மலைநாடா?" என்றான். அவன் தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டம். கொழும்பில் கூலி வேலை. சற்று நேரம் பேசினோம். அவனுடைய தகப்பனார் பால் வெட்டுபவர்.

"எங்க அப்பாவும் விடியக்காலமே எழும்பி முந்நூறு மரம் வெட்டுவாரு சேர். அதுக்குப் பொறகு வாளியத் தூக்கிக்கிட்டு மலை இறங்கணும். அவருக்கு யாரும் மெடல் குடுக்கல்ல" என்று சொல்லிச் சிரித்தான். கசப்பு இல்லாத சிரிப்பு அது.

"உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர். பயம்."

அவன் கண்ணுக்கு நேரே இந்து சமுத்திரம் இருந்தது.

தொழிலாளியின் உழைப்பை விளையாட்டோடு ஒப்பிடுவதில் ஒரு பிழையும் உண்டு என்பதை நான் அறிவேன். ஆனந்தன் விரும்பி நீந்தினார்; நினைத்தால் படகில் ஏறியிருக்கலாம். பால் வெட்டுபவருக்கு ஏறிக்கொள்ளப் படகு இல்லை. மழை நாளில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் சம்பளம் இல்லை. துன்பத்தைத் தாங்குவது வீரமாவது அது தெரிவாக இருக்கும்போதுதான். தெரிவு இல்லாதபோது அதற்குப் பெயர் வேறு. எங்கள் மக்களை 'உழைக்கப் பிறந்த இரும்பு மனிதர்கள்' என்று மேடைகளில் புகழ்வோரிடம் எனக்கு அதனால்தான் ஒவ்வாமை. இரும்புக்குக் கூலி உயர்வு தேவையில்லை என்று எவரேனும் எண்ணிவிடக்கூடும்.

அதே 2018 ஒக்டோபரில் அதே காலிமுகத்திடலுக்கு நான் மீண்டும் சென்றேன். இம்முறை கறுப்பு உடையணிந்த மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டிருந்தார்கள். தம் பெற்றோருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா கேட்டார்கள். அப்போது அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. அந்த ஆயிரம் 2021 இல்தான் வர்த்தமானியில் வந்தது. வருவதற்குள் பொருள் விலைகள் அதனைத் தின்றுவிட்டன. பெப்ரவரியில் அந்தத் திடலில் பார்த்த ஒரு பந்தய சைக்கிளின் விலையை நான் விசாரித்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் இரண்டு மூன்று ஆண்டு உழைத்தாலும் அதை வாங்க இயலாது.

ஆனால் நீச்சலுக்கு சைக்கிள் வேண்டாம். நீர் இருந்தால் போதும். கற்பிக்க ஒருவர் இருந்தால் போதும். சப்ரகமுவவில் நீருக்குப் பஞ்சமில்லை. சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறந்து இரத்தினபுரி நகரைத் தொட்டுக் களுத்துறையில் கடலில் சேரும் களுகங்கை இருக்கிறது. கிதுல்கலவையும் எட்டியாந்தோட்டையையும் கடந்து கொழும்புக்குப் போகும் களனி கங்கை இருக்கிறது. கிதுல்கலவில் வெள்ளைக்காரப் பயணிகள் பாதுகாப்புச் சட்டை அணிந்து, பயிற்றப்பட்ட வழிகாட்டியோடு ஆற்றின் சுழிகளில் படகு விடுகிறார்கள். சற்று மேலே லயத்தில் இருக்கும் பிள்ளை அதே ஆற்றில் இறங்கினால் தாய் பிரம்பெடுக்கிறாள். 2003 மேயிலும் 2017 மேயிலும் களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. 2016 மேயில் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தது. வெள்ளமும் சரிவும் எங்கள் நாட்காட்டியில் பண்டிகைகள் போல் வந்து போகின்றன. இப்படிப்பட்ட மாவட்டங்களில் நீச்சல் ஒரு விளையாட்டு அன்று. எழுத்தறிவைப் போன்ற ஓர் அடிப்படைக் கல்வி. தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளை மாதம் இருமுறையாவது நகரத்து நீச்சல் தடாகத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு பேருந்தும் ஓர் ஆசிரியரும் போதும். புலம்பெயர்ந்த வாசகர்கள் பலர் ஊர்ப் பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். கணினி கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. இதையும் எண்ணிப் பாருங்கள். கைவிடப்பட்ட கற்குழிகளை மூட வைக்க உள்ளூர் அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதும் நமது கடமை.

2023 ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டமைப்பினர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஜூலை 28 இல் தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, ஏறத்தாழ 250 கிலோமீற்றர். முன்னோர் நடந்த அதே வழி. நானும் இறுதிக் கட்டத்தில் இணைந்துகொண்டேன். என் முழங்கால் அதற்குமேல் அனுமதிக்கவில்லை. வழியில் ஊர்கள்தோறும் சிங்கள, முஸ்லிம், வடக்குத் தமிழ் மக்கள் தண்ணீரும் மோரும் கொடுத்து வரவேற்றார்கள். 1840களில் அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இம்முறை நடந்தவர்களின் பெயர்களும் படங்களும் பத்திரிகையில் வந்தன. கடந்த தூரத்துக்குச் சாட்சிகள் இருந்தார்கள்.

அன்றுதான் அப்பாயியின் கேள்விக்கு எனக்கு ஓரளவு விடை கிடைத்தது. 'என்னாத்துக்கு?' என்று கேட்டாரே. நவரத்தினசாமியும் ஆனந்தனும் அந்தக் கடலை நீந்தியது, மனிதனைப் பிரிக்கும் நீரை மனிதனே விரும்பிக் கடக்கலாம் என்று காட்டுவதற்காக. ஒருவரால் அழைக்கப்பட்டோ, ஏற்றப்பட்டோ, அனுப்பப்பட்டோ, துரத்தப்பட்டோ அல்லாமல், தன் கையால் தானே கடப்பது. எங்கள் மக்கள் அந்த நீரை எத்தனையோ முறை கடந்திருக்கிறார்கள். ஒருமுறைகூடத் தம் விருப்பால் கடக்கவில்லை. அப்பாயிக்கு ஆனந்தன் விளங்காமற்போனதற்குக் காரணம் அதுவே.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தேன். அந்தக் கற்குழி பாதி தூர்ந்திருந்தது. கோரைப் புல் வளர்ந்திருந்தது. சுற்றி வேலி இல்லை. அருகில் நான்கு பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். மூவர் இல்லையென்று தலையாட்டினார்கள். நான்காமவன், பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றின் ஆழமில்லாத இடத்தில் தங்களில் சிலருக்குக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னான்.

"எவ்வளவு தூரம் நீந்துவாய்?"

"இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போவேன் ஐயா."

"திரும்பியும் வருவாயா?"

அவன் சற்று யோசித்தான். "இன்னும் இல்ல ஐயா. சேர் சொல்லியிருக்காரு, அடுத்த மாசம்."